கூட்டாத பலம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘உப்பு’ என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் அவள் பார்த்த வேலை. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் இணையத்தில் கூடி அடித்துக்கொள்ளும் ஒரு சண்டை விளையாட்டில், எந்த ஆயுதத்துக்கு எவ்வளவு பலம் என்று தீர்மானிப்பவள் அவள். வாள் தூக்கலாக இருந்தால் கொஞ்சம் குறைப்பாள். வில் சப்பென்று இருந்தால் கொஞ்சம் கூட்டுவாள். கூடினாலும் திட்டு, குறைந்தாலும் திட்டு. சரியாக இருந்தால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பயந்த சுபாவக்காரர்கள் பக்கத்திலேயே போகக் கூடாத வேலை. அவளோ வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த நேரம் பார்த்து மேலாளர் கோல் என்கிற கம்பு ஆயுதத்தை அவள் தலையில் கட்டினார்.

“இந்தக் கோலை எவனும் தொடமாட்டேங்கிறான். அடுத்த அப்டேட்ல தேத்திவிடு. தேறலன்னா கோலையே தூக்கிடலாம்.” மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “உன்னைப் பர்மனன்ட் பண்றதையும் அப்பவே பேசிக்கலாம்” என்றார். சொல்லும்போது சிரித்தார்.

கோல் ஒன்றும் மோசமான ஆயுதம் இல்லை. பின்வாங்காமல் நின்று அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் அதன் பலம் ஏறிக்கொண்டே போகும். ஓர் அடி பின்னால் வைத்தால் ஏறியதெல்லாம் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் அழகு. ஆனால் ஆடுகிறவர்கள் இரண்டு அடி அடித்துவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். அப்புறம், கோல் சொத்தை என்றார்கள்.

கோலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள் கணவன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். மனைவி பொறுப்பில் இருக்கும் ஆயுதம் என்கிற விசுவாசத்தில், வேலை முடிந்து வந்து தினமும் ஆடித் தினமும் தோற்றான். பயத்தில் அவளுக்குச் சளைத்தவன் இல்லை. எதிராளி ஒரு தட்டுத் தட்டினாலே எதிர்ச் சுவர் வரை போய்த்தான் நிற்பான்.

அவள் யோசித்து யோசித்து, கடைசியில் கோலின் பலத்தை நன்றாகவே கூட்டினாள். ‘கோலின் பலம் கூட்டப்பட்டது’ என்று அறிவிப்பும் வெளியானது. அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் மறுநாள் பாராட்டு மழை. ‘கோல் இப்போதுதான் கோல்’ என்று எழுதினார்கள். கோல் எடுப்பவர்கள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. வீட்டிலோ, கணவன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். “ஜெயிச்சுட்டேன்! உன் கை பட்டதும் கோலே வேற மாதிரி ஆயிடுச்சு!” அவளுக்கு அன்றுதான் நல்ல தூக்கம் வந்தது.

வாள் பிடிப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அநியாயம், அக்கிரமம் என்று மூக்கால் அழுதார்கள். மேலாளர் அவளைக் கூப்பிட்டார். “ரொம்ப ஏத்திட்ட போல. கொஞ்சம் இறக்கிடு.”

இறக்கலாம் என்று கோலின் பலத்தைக் குறிக்கும் எண்ணைத் திறந்து பார்த்தாள். அங்கே பழைய எண்ணே இருந்தது.

சோதித்துப் பார்க்க அவர்களுக்குத் தனியாக ஒரு சர்வர் உண்டு. அங்கே மாற்றி, ஆடிப் பார்த்து, திருப்தி வந்ததும், ஊரே ஆடும் சர்வருக்கு அதை அனுப்ப வேண்டும். அவள் அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்து எழுத்துப்பிழை பார்த்த மும்முரத்தில், அனுப்புவதை மறந்துவிட்டாள். பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறவள் கதவைச் சாத்தாமலே போயிருக்கிறாள்! கோல் துளிகூட மாறவில்லை. மாறியது எல்லோருடைய நம்பிக்கைதான்.

இப்போது குறைத்தால் கோல் நிஜமாகவே சொத்தையாகிவிடும். சத்தமில்லாமல் இப்போது கூட்டினால் வாள்காரர்கள் கொதித்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போகும். வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், கணவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடி வாங்கினான்; நகரவில்லை. மறுபடி வாங்கினான், ஓர் அடி முன்னால் வைத்தான். கோலின் பலம் ஏறிக்கொண்டே போனது. இதற்காகத்தானே கோலைப் படைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் மேலாளரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நல்லதாப் போச்சு. ‘குறைச்சாச்சு’ன்னு ஒரு அறிவிப்பு போடு. எதையும் தொடாதே. வாள்காரன் வாயும் அடங்கும். உன் வேலையும் பர்மனன்ட்.”

“ஆனா சார், குறைச்சாச்சுன்னு சொன்னா மறுபடி பயந்து ஓடுவாங்களே. கோல் செத்துடுமே.”

“சாகட்டுமே. உனக்கென்னம்மா?”

சாயங்காலம் வீட்டு மேசையில் அந்த அறிவிப்பை எழுத உட்கார்ந்தாள். ‘கோலின் பலம் குறைக்கப்பட்டது.’ அவ்வளவுதான், ஒரே வரி. அழுத்த விரல் வரவில்லை. பக்கத்து அறையில் கணவன் எவனையோ விரட்டிக்கொண்டிருந்தான். அவள் அந்த வரியை அழித்தாள். வேறு எழுதினாள்:

‘கோலின் பலத்தைக் கூட்டியதாகச் சொன்னோம். கூட்டவில்லை, தவறு எங்களுடையது. இதுவரை நீங்கள் ஜெயித்ததெல்லாம் பழைய கோலை வைத்துத்தான். எண்ணில் இனியும் கை வைக்கப்போவதில்லை. நின்று அடிக்க அடிக்கக் கோலின் நுனி ஒளிரும்படி செய்யப்போகிறோம். பின்வாங்கினால் எதை இழப்பீர்கள் என்று உங்கள் கண்ணுக்கே தெரியட்டும்.’

கண்ணை மூடிக்கொண்டு வெளியிட்டாள். உடனே போன் அலறியது.

“யாரைக் கேட்டுப் போட்ட?” மேலாளர் கத்தினார்.

“யாரையும் கேக்கல சார்.”

“காலையில வந்து பேசு. வரும்போது கார்டையும் கொண்டு வா.”

அலுவலகக் கதவைத் திறக்கிற அட்டையைத்தான் கேட்கிறார். அவள் பக்கத்து அறைக்குப் போனாள். கணவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரையையே வெறித்துக்கொண்டிருந்தான். அறிவிப்பு அங்கேயும் வந்திருந்தது.

“அப்போ நீ ஏத்தவே இல்லையா?”

“இல்லங்க. மறந்துட்டேன்.”

“அவ்வளவு பேரை அடிச்சது...”

“நீங்கதான்.”

அவளுக்கு அழுகை முட்டியது. “வேலை போயிடும்ங்க. கார்டைக் கொண்டு வரச் சொல்லிட்டார்.”

அவன் எழுந்து இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டான்.

“போனா போகட்டும், பாத்துக்கலாம். நீ இப்படி உக்காரு. நான் பின்னால போறேனான்னு மட்டும் பாரு.”