இரண்டாவது டம்ளர்

எனக்கும் என் அண்ணனுக்கும் ஒரே முகம். சில நிமிடங்கள் முந்திப் பிறந்ததால் அவன் அண்ணன். மற்றபடி வாடா போடாதான். செஞ்சி பஜாரில் நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் ஆள் மாற்றித்தான் பேசுவார்கள். சின்ன வயதில் அது வேடிக்கையாக இருந்தது. அவனுக்குச் சரியில்லாமல் போன பிறகு, அதைப் போல என்னைப் பயமுறுத்தியது வேறொன்றும் இல்லை.

கல்லூரிக் கடைசி வருடத்தில் அது ஆரம்பித்தது. யாருமில்லாத அறையில் யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றான். தெருவே தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்றான். பிறகு, சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தான். அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசை பஸ் ஏறினாள். அங்கே அவனுக்குக் கயிறு கட்டியவள், என் கையையும் நீட்டச் சொல்லி எனக்கும் ஒன்று கட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் அது பழக்கம். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் இரண்டு பேருக்கும் உண்டு. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனுக்கு வந்தது இன்னொருவனை விடாது என்பது அம்மாவின் கணக்கு.

கயிற்றுக்கு எதுவும் அடங்கவில்லை. விழுப்புரத்தில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். மாத்திரை சாப்பிட்டதில் குரல்கள் தூரமாகப் போய்விட்டன என்றான். சந்தேகம் மட்டும் அவ்வப்போது தலைகாட்டியது. ஒருமுறை அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் கேட்டேன்.

“எனக்கும் வருமா மேடம்?”

“ஒரே மூட்டை விதைக்கடலையை ரெண்டு கொல்லையில போடுறாங்க. ஒண்ணுல நோய் விழுந்தா இன்னொண்ணுலயும் விழணும்னு கட்டாயம் இல்ல. மண்ணு, தண்ணி, எவ்வளவோ இருக்குது. ஆனா மத்தவங்களைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம். அதை மறைக்க மாட்டேன்.”

முதல் பாதி என் காதில் ஏறவே இல்லை.

“இவ்ளோ கெட்டதுன்னா, இது ஏன் மேடம் அழியாம தலைமுறை தலைமுறையா வருது?” என்றேன். கோபமாகத்தான் கேட்டேன், அவர்தான் அதைக் கொண்டுவந்தவர் போல.

உறுதியாக யாருக்கும் தெரியாது என்றுதான் தொடங்கினார். ஒரு கருத்து உண்டாம். அந்தக் காலத்தில் புதர் அசைந்தபோது, என்னவென்று பார்க்க நின்றவனைவிடப் பார்க்காமலே ஓடியவன் அதிகம் பிழைத்தான். பெரும்பாலும் வெறும் காற்றாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் ஓடியவனுக்குத்தான் பிள்ளைகள் பிறந்தன. சந்தேகம் நம் எல்லோருக்கும் அப்படி வந்த சொத்து. சின்னச் சின்னதாகப் பல பரம்பரைக் கூறுகள் சேர்ந்து சிலருக்கு அது அளவு மீறிவிடுகிறது. இதை ஒத்துக்கொள்ளாத டாக்டர்களும் இருக்கிறார்கள் என்று முடித்தார். கோட்டை மலைக் குரங்குகள் எனக்கு ஞாபகம் வந்தன. ஒன்று கத்தினால் போதும், எதற்கென்று தெரியாமலே எல்லாம் பாறை மேல் ஏறிவிடும். டாக்டர் சொன்னதில் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து என்னை நானே வேவு பார்க்க ஆரம்பித்தேன். கடையில் யாராவது கூப்பிட்டால், நிஜமாகவே ஆள் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பதில் சொல்வேன். யார் மீதாவது எரிச்சல் வந்தால் கூட, இது நானா அதுவா என்று யோசனை ஓடும்.

மழைக்காலத்தில் அது வந்தே விட்டது. பொடி ஸ்க்ரூவை இடுக்கியால் எடுக்கும்போது கை நடுங்கியது. பட்டப்பகலில் கடையிலேயே தூக்கம். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது, வாயோரம் எச்சில் கசிந்தது. கண்ணாடியில் பார்த்தால் அண்ணன்தான் நின்றான். பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடை வாசலில் நின்று, “இன்னா தம்பி, இப்ப தேவலையா? உன் தம்பி எங்க, காணோம்?” என்றார். நான்தான் அந்தத் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

அந்த நாட்களில் ஒரு காலை, டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது அண்ணன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

“அதைக் குடிக்காத. உன் டீயில இன்னாவோ கலக்குறாங்க. நான் பாத்தேன்.”

“யாரு?”

“அம்மாதான்.”

“நீ இன்னிக்கி மாத்திரை போட்டியா?” என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டம்ளரைக் காலி செய்தேன். பெற்றவளைச் சந்தேகப்படுகிற அளவுக்கு நான் இன்னும் போகவில்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் விழுப்புரம் போனேன். “வந்துடுச்சு மேடம்,” என்றேன். அவர் என் முழங்கையை மடக்கிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார், குரல் கேட்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டார். கேட்கவில்லை.

“என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

“ஒண்ணும் இல்ல.”

“இது அந்த நோய் இல்ல. உங்க அண்ணனுக்குக் குடுக்கிற மருந்து சேராதவங்களுக்கு இப்படித்தான் ஆகும். வீட்டுல மருந்து யார் கையில இருக்குது?”

அம்மா கையில்தான் இருந்தது. செஞ்சி வந்து சேரும்வரை பஸ்ஸில் எதையும் யோசிக்க முடியவில்லை.

அம்மா மறுக்கவில்லை. அடுப்படியில் நின்றபடியே சொன்னாள்.

“பாதிதான்டா போட்டேன். அவனுக்கு வந்தப்புறம் குடுத்து இன்னா ஆச்சு? உனக்கு வர்றதுக்கு முந்தியே குடுத்துட்டா நின்னுடும்னு நெனச்சேன். ஒரே கருவுல இருந்தவனுங்க தான நீங்க.”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் பயந்ததைவிட அவள் பயந்திருந்தாள்.

அன்றோடு நிறுத்தினாள். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது, பயம் விடவில்லை. ஒருவேளை அந்தப் பாதி மாத்திரைதான் இத்தனை நாள் அதைத் தடுத்து வைத்திருந்ததோ என்று புதிதாக ஒன்று முளைத்தது. அப்படியெல்லாம் இல்லை என்று டாக்டர் சொன்னதை மனம் கேட்கவில்லை.

அண்ணனிடம் சொல்லியாக வேண்டும் என்று மாடிக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

“நீ சொன்னது நெஜம்டா. கலந்துதான் குடுத்திருக்காங்க,” என்றேன்.

 அவன் முகம் மலர்ந்தது. அவனை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஈர லுங்கியைச் சுவரின் மேல் போட்டுவிட்டு வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“உனக்கும் தெரிய ஆரம்பிச்சுடுச்சா?” என்றான். “பயப்படாதடா. மொதல்ல இப்படித்தான் இருக்கும். நான் இருக்கேன் இல்ல.”