பீரோவில் அரைத் தட்டு

பெட்டி கட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆனையூரில் ஆள் கிடையாது. ஒரு காலத்தில் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் துபாய், ஷார்ஜா, மஸ்கட் என்று கிடந்தார்கள். லீவு முடிந்து யாராவது கிளம்புகிற வாரம் எனக்கு ஆள் வந்துவிடும். "மதினி, வந்து ஒரு கை பாத்துட்டுப் போங்க, எங்க வீட்டுக்காரரு துணிய அள்ளித் திணிச்சு வச்சிருக்காரு" என்று எதிர் வீட்டுக்காரி வாசலில் நிற்பாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு டாக்டர் தோரணையில் போவேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. லுங்கி, பனியன், துண்டு எல்லாவற்றையும் மடிக்கக் கூடாது, இறுக்கிச் சுருட்ட வேண்டும். பேண்ட்டைக் கால் பாதி வெளியே தொங்கும்படி அடியில் விரித்து, மற்றதை எல்லாம் அதன் மேல் அடுக்கி, கடைசியில் தொங்குகிற காலை மேலே மடித்துப் போட்டால் கசங்காது. பருப்புப்பொடி, கறிமசாலாப் பொடிக்கு இரட்டைக் கவர். கவரின் வாயை ரம்ப பிளேடில் மடித்து மெழுகுவத்திச் சுடரில் ஓட்டினால் கடையில் வாங்கியது மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஊறுகாய் பாட்டில்தான் ஆளைக் கவிழ்ப்பது. மூடிக்கு அடியில் பாலித்தீன் தாள் வைத்துத் திருகி, மேலே டேப் சுற்றி, பாட்டிலைக் காலுறைக்குள் விட்டு, சுருட்டிய துணிகளுக்கு நடுவில் நிமிர்த்தி வைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் முக்கு அரிசிக் கடைக்குத் தூக்கிப்போய்த் தராசில் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். ஏர்போர்ட்டில் பெட்டியைத் தரையில் பிரித்துப்போட்டு, ஊரே பார்க்க ஜட்டியும் முறுக்குமாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரமாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வருவார். முதல் தடவை அவருக்குப் பெட்டி கட்டியபோது சட்டைக்கு ஒரு அழுகை அழுதேன். அடுத்த தடவை கொஞ்சம். அப்புறம் எனக்கே தெரியாமல் கை பழகிப்போனது. சொன்னால் என்ன, அவர் இருக்கிற இரண்டு மாதமும் எனக்கு வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். மூன்று வேளையும் சோறு வடிக்க வேண்டும். டிவியில் நான் பார்க்கிற நேரத்தில் நியூஸ் ஓடும். மகளை நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்வார். அவர் கிளம்பிப் போன மறுநாள் காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு நான் மட்டும் உட்காரும்போது ஒரு நிம்மதி வரும். வந்த உடனே, சீ, என்ன பொம்பளை நான் என்று இருக்கும். அந்தக் காப்பி ஒருநாளும் தொண்டையில் சரியாக இறங்கியதில்லை. ஆனாலும் நிம்மதி வராமல் இருந்ததும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. லீவில் வந்தால் அவருடைய துணிமணி பெட்டியிலேயேதான் இருக்கும். கட்டில் ஓரம் பெட்டி திறந்து கிடக்கும். காலையில் குளித்துவிட்டு வந்து அதன் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து சட்டை தேடுவார். பீரோவில் என் சேலை, மகளின் யூனிபாரம், விருந்தாளி வந்தால் விரிக்கிற பெட்ஷீட், கல்யாணங்களில் வந்த பிரிக்காத பாத்திரம் எல்லாம் இருந்தன. அவருக்கு இடம் இல்லை. எப்படியும் திரும்பக் கட்ட வேண்டியதுதானே, எதற்கு எடுத்து அடுக்க வேண்டும் என்பது என் கணக்கு. அவரும் கேட்டதில்லை.

நான் சொல்ல வந்த லீவில் அவர் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தார். வந்த வாரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒத்தக்கடைப் பக்கம் போனார். அங்கே காலேஜும் புது வீடுகளுமாகப் பெருத்துக்கொண்டிருந்த சமயம். மெயின் ரோட்டில் ஒரு கடை வாடகைக்கு வருகிறது என்று அவர் கூட்டாளி ஒருவர் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து தண்ணீர் குடித்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"அங்கன ஃபிரிட்ஜ், ஏசி பாக்க ஒரு ஆளு கெடையாது. எல்லாத்துக்கும் டவுனுக்குத்தான் வர்றாய்ங்க. பேசாம அந்தக் கடையப் பிடிச்சு இங்கனயே இருந்துட்டா என்ன?"

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "உங்க இஷ்டம்" என்றேன்.

"என் இஷ்டம் இருக்கட்டும். நீ என்ன சொல்ற?"

"நான் என்னத்தச் சொல்ல? நடக்குமா நடக்காதான்னு உங்களுக்குத்தான தெரியும்."

அதோடு விட்டுவிட்டார். பிறகு இரண்டு மூன்று தடவை அந்தக் கடையைப் பற்றிப் பேச்சு எடுத்தார். ஷட்டர் புதுசு என்றார், பக்கத்தில் டீக்கடை இருக்கிறது என்றார். நான் உம் கொட்டினேன். இருங்கள் என்று சொல்லி, கடை ஓடாமல் போனால் நாளைக்கு என் தலையில் விடியும் என்று ஒரு பயம். போங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். மிளகாய் வாங்கிக் காயப்போட்டேன். அவர் கிளம்புகிற நாளைத் தெருவில் சொல்லி அனுப்பினேன். ஷார்ஜாவில் அவருடைய ரூமில் இருந்த பையனின் அம்மா, மகனுக்கென்று அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார். யார் போனாலும் அடுத்த வீட்டுப் பார்சல் ஒன்றாவது போகாமல் எங்கள் தெருவில் பெட்டி மூடியதில்லை. வீட்டில் மிளகாய் வாசனை அடிக்கத் தொடங்கினால் அவர் கிளம்பப்போகிறார் என்று தெருவுக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா?

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பெட்டியைக் கட்டி அரிசிக் கடையில் நிறுத்துப் பார்த்தேன். அச்சடித்த மாதிரி சரியாக இருந்தது. கடைக்காரர், "என்னக்கா, இனி உங்க கையையே தராசா வச்சுக்கிறலாம் போல" என்றார். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மதியம் கூட்டுவதற்காகப் பெட்டியை நகர்த்தியபோது அது சுளுவாக வந்துவிட்டது. கனம் குறைந்திருப்பது கைக்குத் தெரிந்தது. திறந்து பார்த்தால் பொடியும் ஊறுகாயும் அதிரசமும் வைத்தபடி இருக்கின்றன. துணி இல்லை. வேலைக்குப் போட்டுக்கொள்ள இங்கே தைத்த பேண்ட்டுகள், சட்டைகள், ஒன்றையும் காணோம். கட்டிலுக்கு அடியில் தேடினேன், கொடியில் தேடினேன். கடைசியில் பீரோவைத் திறந்தால் கீழ்த்தட்டில் என் சேலைகளை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, மறுபக்கம் அவருடைய துணி அடுக்கியிருந்தது.

அவர் முன் ரூமில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"இத எடுத்து பீரோல வச்சது நீங்களா?"

"ஆமா."

"எதுக்குங்க? வெயிட்டு கூடிரும்னா? நான்தான் நிறுத்துப் பாத்துட்டேன்ல, எல்லாம் சரியா இருக்கு. நல்லவேள பாத்தேன். இல்லாட்டி அங்க போய் எதப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போவீக?"

அவர் பேப்பரை மடித்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் அதற்குள் உள்ளே போய்ப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது தடவை கட்டும்போது முன்னைவிடக் கச்சிதமாக வந்தது. சட்டைகளிலிருந்து பாச்சா உருண்டை வாசனை அடித்தது. பீரோ வாசனை என்று நினைத்துக்கொண்டேன். பொருள் கூடாமலே மூடி மட்டும் விரல்கடை அளவு தூக்கிக்கொண்டு நின்றது. அவரைக் கூப்பிட்டேன்.

"இதுமேல செத்த உக்காருங்க."

வந்து உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, தன் பெட்டியின் மேல் தானே உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து பூட்டை அமுக்கினேன். டக்கென்று விழுந்தது.

"அம்புட்டுத்தான், எந்திரிங்க" என்றேன்.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு வாடகைக் காரில் போனோம். பெட்டிக்கு நைலான் கயிறு பெருக்கல் குறியாகக் கட்டி, மூடியில் பெரிய எழுத்தில் அவர் பேரை மார்க்கரில் எழுதியிருந்தேன். மேலூர் ரோட்டில் ஒத்தக்கடையைத் தாண்டும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பச்சை ஷட்டர் போட்ட கடை ஒன்று, இறக்கி இருந்தது. பக்கத்தில் டீக்கடை. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அந்த நேரத்தில், ஊறுகாயைப் போன உடனே எடுத்து நிமிர்த்தி வையுங்கள், அதிரசத்தை அந்தப் பையனிடம் முதலில் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஏர்போர்ட் வாசலில் மகளின் தலையைத் தடவிவிட்டு, "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி தராசில் ஏறியது. முள் எங்கே நிற்கும் என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பெட்டி ஒரு சிக்கலும் இல்லாமல் உள்ளே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கட்டியிருந்த பட்டுச்சேலையை மடித்து வைப்பதற்காகப் பீரோவைத் திறந்தேன்.

கீழ்த்தட்டில் என் சேலைகள் ஒரு பக்கமாகவே ஒதுங்கி இருந்தன. காலியாகக் கிடந்த பாதியில் பேப்பர் விரித்திருந்தது. நேற்றும் அதைப் பார்த்திருப்பேன், கண்ணில் பட்டிருக்கும், மனதில் படவில்லை. ஏனோதானோ என்று விரித்த பேப்பர் இல்லை. தட்டின் அளவுக்கு வெட்டி, ஓரத்தை ஒரே சீராக மடித்து, நாலு மூலையிலும் ஒவ்வொரு பாச்சா உருண்டை வைத்திருந்தது. ஏசி மெக்கானிக் கை, அளந்துதான் வெட்டியிருக்கிறது. நாளை மறுநாள் விமானம் ஏறப்போகிறவர், துணியைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பாச்சா உருண்டை வைப்பாரா? கனம் குறைக்க நினைத்தவர் ஊறுகாயை எடுக்காமல், உடுத்துகிற துணியையா எடுப்பார்?

வாயால் கேட்டு என்னிடம் பதில் கிடைக்காமல், நான் ஒருவேளை இப்படியாவது பார்ப்பேன் என்று அரைத் தட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறார் மனுஷன். தன் வீட்டு பீரோவில். நான் அதை அள்ளிக்கொண்டு போய், நல்லவேளை பார்த்தேன் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவரையே மேலே உட்காரவைத்துப் பூட்டியிருக்கிறேன். பட்டுச்சேலையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து, அப்பா போனதற்கா அழுகிறாய் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்தான். போனதற்கு அழுதிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை, அன்றுதான் போன் பண்ணுவார். அந்த வாரம் முழுக்க என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மணி அடித்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"என்னங்க, பீரோல அந்தத் தட்டு... நான் கவனிக்கலங்க" என்றேன்.



"அத விடு" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். "பெட்டி பிரமாதமா கட்டியிருந்த. ஊறுகா ஒரு சொட்டு ஒழுகல. பொடி சிந்தல. சட்டையெல்லாம் தேச்ச மாதிரியே இருக்கு. ரூம்ல அம்புட்டுப் பேரும் கேக்குறாய்ங்க, யாரு கட்டுனதுன்னு."

ஏதாவது பேச வேண்டுமே என்று, "நீங்க என்ன சொன்னீக?" என்று கேட்டேன்.

"எம் பொண்டாட்டின்னு சொன்னேன்" என்றார்.