கொடுக்க முடியாத காசு

இல்லை, யசோதினி மகளின் சீதனத்தைத் திருப்பி எடுக்கவில்லை. குழாயடியில் சொன்னாலும் சரி, கோயில் வாசலில் சொன்னாலும் சரி, அது பொய். நேற்றும் பக்கத்து வளவுக் கண்ணகை என் படலைக்கு முன்னால் மீன்காரனை நிறுத்தி வைத்துக்கொண்டு, “பெத்த மகளுக்குக் குடுத்ததைப் பிடுங்கித் திண்டவள்” என்று சொன்னாள்.

“நீ கண்டியா?” என்று கேட்டேன்.

“காணத் தேவையில்ல மாமி. இருவத்தாறு வருசம் லோயர் கந்தோர்ல இருந்தவள், இப்ப வேலையை விட்டுட்டு வீட்டுல இருக்காள். கைக்கு ஒப்பரேசன் செஞ்சாள். வளவுக்குள்ள தனி அறை ஒண்டு எழும்புது. எல்லாத்தையும் மகளுக்கு எழுதிக் குடுத்தவளுக்கு எங்கால வந்த காசு? சீதன உறுதிப் பத்திரம் வாசிக்கக்குள்ள நானும் அவடத்த இருந்தனான்.”

“நானுந்தான் இருந்தன். நீ வடைத் தட்டுக்குப் பக்கத்துல இருந்தாய், நான் லோயர் ஐயாக்குப் பக்கத்துல இருந்தன். ஆருக்குக் கூடக் கேட்டிருக்கும்?”

மீன்காரன் சிரித்துவிட்டான். கண்ணகை மீன் வாங்காமலே போனாள். போனவள் வாயை மூடிக்கொண்டா இருப்பாள்? அதனால்தான் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது, பேத்தி தனுஷியா எழுதுகிறாள். ஆனால் காதால் கேட்டதை நான் விடுவதில்லை.

யசோதினி என் தங்கச்சியின் மகள். புருசன் காய்ச்சலில் போகும்போது பிள்ளை விதுர்ஷாவுக்கு எட்டு வயது. அதற்கு முன்பே அவள் வல்லிபுரம் ஐயாவின் கந்தோரில் தட்டெழுத்து வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அரசாங்கக் கச்சேரிக்குப் போகிற வழியில், மாடி வைத்த கந்தோர். ஐந்து லோயர்மார், பதினொரு பேர் வேலைக்கு. காணி உறுதி, சீதன உறுதி, வழக்கு, எல்லாம் அங்கேதான். இந்த ஊரில் கலியாணம் முடித்த பெண்களில் பாதிப் பேருடைய சீதன உறுதி இவள் விரலால் எழுதியது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் தாய் இருக்கிற வீடு மகளுக்கு. காணியும் மகளுக்கு. தாய் பின்கட்டுக்குப் போவாள், அல்லது வளவின் மூலையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு போவாள். யாரும் அழுவதில்லை. எனக்கும் அப்படித்தான், என் தாய்க்கும் அப்படித்தான். ஆனால் ஒன்று உண்டு. கொடுத்த பிறகு அதைப் பற்றித் தாய் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் அதைவிடக் கேவலம் இல்லை.

விதுர்ஷாவுக்கும் சிவதர்ஷனுக்கும் கலியாணம் நடந்தபோது யசோதினியே மகளின் உறுதியைத் தட்டெழுதினாள். வல்லிபுரம் ஐயா வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் கேட்க வாசித்துக் காட்டினார். வீட்டின் எல்லை வாசித்தார், தென்னை வாசித்தார், கிணற்றில் பங்கு வாசித்தார். கடைசியில், “மற்றும் எனக்கு உரித்தான அசையும் அசையாச் சொத்துகள் அனைத்தும்” என்று வாசித்தார். அது எல்லா உறுதியிலும் வருகிற வரி. அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு எல்லாரும் சாப்பிட்டோம்.

அந்த வரிதான் அவளைத் தின்றது.

கந்தோரில் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்துச் சேர்க்கிற காசு ஒன்று இருந்தது. சேமலாப நிதி. இவள் பங்கு நூற்றுக்கு எட்டு, கந்தோர் போடுவது பன்னிரண்டு. அதற்கு மேல் ஐயா தன் ஆட்களுக்கென்று தனியாக ஒரு திட்டமும் தொடங்கியிருந்தார். அதில் இவள் ஐந்து போட்டால் கந்தோரும் ஐந்து போடும். கொழும்பில் ஒரு கொம்பனி அதைப் பார்க்கும். வருசத்துக்கு ஒரு தாள் வரும். உங்கள் காசை எதில் போடலாம் என்று அதில் மூன்று கட்டம் இருக்கும். நிரந்தர வட்டி, பங்குச் சந்தை, இல்லாவிட்டால் பாதிக்குப் பாதி. ஒன்றில் புள்ளடி போட்டுக் கொடுக்க வேண்டும்.

கலியாணத்துக்குப் பிறகு வந்த தாள்களை யசோதினி நிரப்பவே இல்லை. அசையும் சொத்து அனைத்தும் என்று தன் கையாலே எழுதிக் கொடுத்தாயிற்று, இனி அந்தக் காசும் விதுர்ஷாவினுடையது என்று நினைத்துவிட்டாள். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மருமகன் கையில் கொடுத்துவிடுவாள். அவன் எங்கே புள்ளடி போட்டாலும் கீழே கையெழுத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆயிரக்கணக்கில் உறுதி எழுதியவளுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். எழுதினவள் என்றபடியால்தான் அந்த வரியை அவ்வளவு நம்பினாள். கந்தோரில் யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால், கொடுத்த சீதனத்தில் கண் வைக்கிறாள் என்று ஆகிவிடுமே.

இது எனக்கு எப்படித் தெரிய வந்தது? நாடே சாமானுக்கு வரிசையில் நின்ற அந்தக் கெட்ட வருசத்தில் அவளுடைய வலது கை மரத்துப்போகத் தொடங்கியது. ஒருநாள் என் வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையைப் போட்டு உடைத்தாள்.

“வேலையை விடன் புள்ள. போதும் தட்டினது.”

“விட்டுட்டு என்னத்தைத் திங்கிற பெரியம்மா? என்ர பேர்ல ஒண்டுமில்ல.”

“மாதா மாதம் பிடிச்ச காசு?”

அவள் உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். “அதுவும் குடுத்தாச்சு. மறுகா அதுவும் பாதி போயிட்டாம். சந்தை விழுந்துட்டாம். அவங்கட காசு, நான் என்னத்தைக் கேக்கிற.”

ஐம்பத்திரண்டு வயது. கை போனால் மகளிடம் சோற்றுக்கு நிற்க வேண்டும் என்பதுதான் அவள் நெஞ்சில் இருந்த பயம். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. கண்ணகைக்கும் தெரியாது.

அடுத்த தை மாதம், கந்தோருக்குப் புதிதாக வந்த கணக்காளர் நௌஷாட், அந்தத் திட்டத்தை விளங்கப்படுத்த ஒரு சனிக்கிழமை கூட்டம் வைத்தார். வீட்டாரையும் கூட்டி வரலாம் என்றார்கள். யசோதினி யாரையும் கூப்பிடவில்லை. நானாகப் போய் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

“நீங்க என்னத்துக்கு வாறீங்க?”

“றோல்ஸ் குடுப்பாங்களாம்.”

நௌஷாட் பலகையில் கோடு கோடாகக் கீறினார். நல்ல பிள்ளை, வேர்த்து ஒழுக விளங்கப்படுத்தினார். பதினொரு பேரும் தலையை ஆட்டினார்கள், ஒருவருக்கும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் கையைத் தூக்கினேன்.

“தம்பி, அப்ப முதல் கட்டம் வயலைக் குத்தகைக்கு விடுற மாதிரி. வெள்ளம் அடிச்சாலும் பேசின மூட்டை வரும். ரெண்டாவது வாரத்துக்கு விடுற மாதிரி. விளைஞ்சதுல பங்கு, விளையாட்டி வெறுஞ்சாக்கு. அப்படியா?”

“ஓம் அம்மா. ஒரு மணித்தியாலமா நான் அதைத்தான் சொல்லுறன்.”

“அப்ப எல்லாரும் குத்தகைக்கு விட்டா முடிஞ்சுதே.”

“முடியாது அம்மா. குத்தகையில மூட்டைக் கணக்கு ஏறாதெல்லோ. போன வருசம் மாவு, பருப்பு விலை என்னமா ஏறினது? உங்கட வட்டி அப்படி ஏறினதா? அதால வேலைக் காலம் கன வருசம் கிடந்தா வாரத்துக்கும் கொஞ்சம் விடுங்க. வேலை முடியிற காலம் கிட்டக் கிட்டக் குத்தகைப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க.”

“வெள்ளம் அடிச்சுட்டே தம்பி, இப்ப என்ன செய்யிற?”

“வெள்ளத்துக்குள்ள நிண்டு வயலை விக்காதீங்க. வடியட்டும். வடியும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். ஆனா இப்ப வித்தா நட்டம் நட்டந்தான்.”

இந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. சத்தியம் பண்ணாத ஆளை நம்பலாம். யசோதினி குனிந்துகொண்டிருந்தாள். கேட்க வேண்டியதை அவள் கேட்கமாட்டாள் என்று தெரிந்தது. நானே கேட்டேன்.

“இன்னொண்டு தம்பி. ஒருத்தி தன்ர அசையும் சொத்தெல்லாம் மகளுக்கு எண்டு சீதன உறுதியில எழுதிட்டாள். இந்தக் காசும் மகளுக்குப் போயிட்டா?”

யசோதினி என் தொடையில் கிள்ளினாள். இன்றைக்கும் அந்த இடம் எனக்குத் தெரியும்.

நௌஷாட் சிரித்தார். “போகாது அம்மா. இது குடுக்கேலாத காசு. வேலை செஞ்ச ஆள் உயிரோட இருக்குமட்டும் அவருக்குத்தான். வேற ஆளுக்கு எழுதவும் ஏலாது, கடன் குடுத்தவன் மறிக்கவும் ஏலாது. சட்டம் அப்படி. கந்தோர்த் திட்டமும் அதே சட்டத்துக்குக் கீழதான் பதிஞ்சது. ஆள் மவுத்தானா மட்டும் பின்னுரித்தாளி எண்டு பேர் போட்ட ஆளுக்குப் போகும்.”

பின்வரிசையில் இருந்த வல்லிபுரம் ஐயா எழும்பி வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் யசோதினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அவளைப் பார்த்தார்.

“யசோதினி, அந்த ஒருத்தி நீயா?”

அவள் குனிந்தபடியே தலையை ஆட்டினாள்.

“அஞ்சு வருசமா? எனக்குப் பக்கத்து மேசையில இருந்துகொண்டா?” அவர் கதிரையில் இருந்துவிட்டார். “அந்த வரி என்ர தகப்பன்ர காலத்துல இருந்து உறுதிக்கு உறுதி போடுற வரி. ஒருத்தரும் அதை வாசிக்கிறேல்ல எண்டு நினைச்சன். பிழை என்ர. நான் உனக்குச் சொல்லியிருக்கோணும்.”

யசோதினி தண்ணீர் கேட்டாள். குடித்தாள், இன்னொரு கிளாஸ் கேட்டாள். பிறகு தட்டை இழுத்து வைத்து றோல்ஸ் தின்னத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வெளியில் ஒரு வாய் பிசுக்கோத்துகூடத் தின்னாத பிள்ளை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

மகளும் மருமகனும் பிடுங்குவார்கள் என்று நினைத்தீர்களா? நானும் கொஞ்சம் நினைத்தேன். அன்று பின்னேரம் அவர்களுக்கு முன்னால் யசோதினி சொன்னபோது சிவதர்ஷன் தலையில் கை வைத்தான்.

“மாமி, நான் ஒரு வருசமா உங்கட முகத்தை நேரா பாக்கேல்ல. ஏன் தெரியுமா? பங்குக் கட்டத்துல புள்ளடி போட்டது நான். உங்கட காசைப் பாழாக்கிட்டன், நீங்க எப்பயாவது கேப்பீங்க எண்டு பயந்துகொண்டு திரிஞ்சன்.”

“என்ர காசா? உங்கட எண்டுதானே தம்பி தாளை உங்கள்ட்டத் தந்தன்.”

“ஆலோசனை கேக்கிறீங்க எண்டு நினைச்சன் மாமி!”

விதுர்ஷா பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். “அம்மா, அது எங்கட எண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?”

“உறுதி சொன்ன.”

“உறுதியை நான் இன்னும் திறந்தே பாக்கேல்லம்மா.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்புக்கு நாய் குரைத்தது. சிரிப்பில் பாதி அழுகைதான், ஆனாலும் சிரிப்பு.

அதன் பிறகு அவள் இரண்டரை வருசம் வேலை செய்தாள். வேறு ஆளாக வேலை செய்தாள். எப்போது முடியும் என்று தெரிந்து செய்கிற வேலை கையை அவ்வளவு நோகச் செய்வதில்லை போலும். தாளைத் தானே நிரப்பினாள். விழுந்ததை விற்கவில்லை. சந்தை மெல்ல ஏறியது, ஏற ஏறக் கொஞ்சம் எடுத்து நிரந்தர வட்டிப் பக்கம் வைத்தாள். உச்சம் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. “இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா கூட வந்திருக்குமே” என்று சிவதர்ஷன் சொன்னபோது, “எனக்குச் சோத்துக்குக் காணும், தம்பி” என்றாள். பின்னுரித்தாளி என்ற இடத்தில் விதுர்ஷாவின் பெயர் இருக்கிறது. கை ஒப்பரேசனும் வளவில் எழும்புகிற அறையும் அந்தக் காசில்தான். போய்ச் சொல்லுங்கள் கண்ணகைக்கு.

ஐம்பத்தைந்து வயது முடிந்த கிழமையில், ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கந்தோரைவிட்டு வந்தாள். கடிதம் கொடுக்கிற அன்று கூட வரச் சொன்னாள், போயிருந்தேன். ஐயா ஒரு சீதன உறுதியை எடுத்துவந்து, “இதை மட்டும் முடிச்சுத் தந்துட்டுப் போவன், பதினைஞ்சாம் தேதி கலியாணம்” என்றார்.

“ஐயா, என்ர இடத்துக்கு வாற சுதர்சனா அழகாத் தட்டுவாள். ஆனா கடைசி வரியைப் போடக்குள்ள அந்தத் தாயிட்ட ஒருக்காக் கேளுங்க.”

ஐயா தாளைத் திருப்பிப் பார்த்தார். பேனை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

யசோதினி மேசை லாச்சியைத் திறந்து ஒரு சீப்பு, ஒரு சித்தாலேபத் தைல டப்பா, பிள்ளையின் படம் என்று மூன்றையும் எடுத்துப் பைக்குள் போட்டாள். வாசலில் பியோன் இர்ஷாத் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தரைகூட ஆகவில்லை. வழக்குக்கு வந்த சனம் படியெல்லாம் நின்றது.

“அக்கா, அரை நாள் லீவா?”

“இல்ல இர்ஷாத். நான் போறன். லாச்சிச் சாவி உள்ளுக்கு இருக்கு” என்று சொல்லி, சனத்தை விலக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.