லான்ஸ் வீட்டுப் படல்

க்ளெனிஸ் கோபக்காரி என்று எங்கள் அடிலெய்டு மலையில் சொல்லாத ஆள் இல்லை. எதற்குக் கோபம் என்று ஒருத்தராவது கேட்டிருப்பார்களா? பள்ளிப் பேருந்து ஓட்டியே காலத்தைக் கழித்தவள். புருஷன் போய்விட்டான், பிள்ளைகள் பெர்த்தில். ஒரு வீட்டை ஏற்கெனவே காட்டுத்தீக்குக் கொடுத்தவள். அதுவும் எப்படி? தீ சாலையோடு நின்றுவிட்டது. காற்றில் பறந்து வந்த ஒரே ஒரு கங்கு கூரை இடுக்கில் புகுந்துகொண்டது. இந்த இரண்டாவது வீடும் போனால் மூன்றாவது கட்ட அவளிடம் தெம்பும் இல்லை, வயதும் இல்லை.

அதனால் கூரையின் இண்டு இடுக்குக்கெல்லாம் பொடிக்கண் கம்பிவலை அடித்தாள். சுவரை ஒட்டியிருந்த செடிகளைப் பிடுங்கிவிட்டுச் சரளை கொட்டினாள். ஜன்னலை உரசிய யூகலிப்டஸ் கிளைகளை வெட்டினாள். வீட்டுக்கே மொட்டையடித்துவிட்டாள் என்று ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

மிச்சம் இருந்தது படல்தான். காய்ந்த புதர் விளார்களை ஆளுயரத்துக்கு மேல் இறுக்கிக் கட்டிய வேலி. எங்கள் பக்கம் அது ஒரு கௌரவம். பக்கத்து வீட்டு லான்ஸ், முன்பு கசாப்புக் கடை வைத்திருந்தவன், ஆசையாகக் கட்டியது. அவன் வராந்தாத் தூணில் தொடங்கி இவள் சமையலறைச் சுவரில் வந்து முட்டும். தீக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. இரண்டு முனையிலும் கொஞ்சம் வெட்டித் தகரம் வைப்போம் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு நாக்குத் தேய்ந்தது.

"தகரம் வைக்க இது என்ன கோழிக்கூடா? போம்மா, போய் உன் சரளைக்குத் தண்ணி ஊத்து," என்றான் லான்ஸ்.

பொது வேலி, இருவரும் ஒத்துக்கொண்டால்தான் தொடலாம் என்று ஊராட்சியில் கைவிரித்தார்கள். பாலைவனப் பக்கமிருந்து வரும் வடக்குக் காற்று அனலாக வீசத் தொடங்கியதும் அவளுக்குப் பொறுமை போயிற்று. கைவாளை எடுத்துத் தன் பக்கத்து முனையை அறுத்துத் தள்ளித் தகரத்தை நிறுத்தினாள். லான்ஸ் தாம்தூம் என்று குதித்தான். போலீஸைக் கூப்பிட்டான். கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் தீ வந்துவிட்டது. ஊரே மைதானத்தில் ஒதுங்கியபோது இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாலை திறந்ததும் வந்து பார்த்தால், படல் இருந்த இடத்தில் கரிக்கோடு. அது க்ளெனிஸ் பக்கம் தகரத்தோடு நின்றிருந்தது. லான்ஸ் பக்கம் வராந்தா வழியாக உள்ளே போயிருந்தது. அங்கே புகைபோக்கியைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

எவ்வளவு வசவு சேர்த்து வைத்திருந்தாள்! வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அறுத்ததுதான் அறுத்தே. என் பக்கத்தையும் சேத்து அறுத்திருக்கக் கூடாதா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போலீஸைக் கூப்பிட்டது யாருய்யா? வாயை மூடிட்டு உள்ள வந்து டீயைக் குடி," என்றாள்.

அடுத்த வருஷம் லான்ஸின் புது வீடு எழும்பியது. செங்கல் சுவர், தகரக் கூரை. பரவாயில்லை, புத்தி வந்திருக்கிறது என்று அவளும் மனம் ஆறினாள். அப்புறம் ஒரு காலையில் லாரி வந்து அவன் வாசலில் விளார்க் கட்டுகளை இறக்கியது. படல் இல்லாமல் வீடு மூளியாக இருக்கிறதாம். வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டே சொன்னான்.

வேலி கட்டி முடித்து ஆட்கள் கிளம்பும்வரை க்ளெனிஸ் காத்திருந்தாள். பிறகு ஆணியில் தொங்கிய கைவாளை எடுத்துக்கொண்டு வந்தாள். இந்த முறை அவன் வராந்தாப் பக்கத்திலிருந்து அறுக்க ஆரம்பித்தாள்.