மூன்றாவது பூச்சு

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வலிக்கும். ஆனாலும் சொல்கிறேன். மெலிந்த கை, மெதுவான பேச்சு, கோபமே வராத முகம். கோபம் வராதவர்களோடு ஒரே வீட்டில் இருந்து பாருங்கள், தெரியும்.

வீட்டு முன்னறைதான் எங்கள் பட்டறை. என் கணவரும் கொழுந்தனாரும் தோலை வெட்டிப் பை தைப்பார்கள். சாயம் ஏற்றி, அது உலர்ந்ததும் தண்ணீரும் கீறலும் தாங்கும்படி மேற்பூச்சு பூசுவது ஒன்பது வருடமாக என் வேலை. அவள் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள், சின்னவள் பூசினால் தனி அழகு என்று என் கணவரே சொல்கிறார். எனக்கு எப்படி இருக்கும்?

ஸ்பாஞ்சைப் பிழிந்து பிழிந்து, பூசினாளா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத்தான் பூசுவாள். காய்ந்துவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து, பிறகு இன்னொரு முறை. அவ்வளவுதான். கஞ்சப் பிசினாறி என்று மனதுக்குள் திட்டுவேன்.

பெரிய கடைக்காரர் ஒருவர் ஆளுக்கொரு பை பூசி வைக்கச் சொன்னார். யாருடைய பூச்சு பிடிக்கிறதோ அவர்தான் இனி அந்தக் கடைப் பைகளுக்கெல்லாம் பூச வேண்டும். மற்றவர் கூடமாட உதவலாம். அவளுக்குக் கூடமாட நானா? வீம்புக்கு ஸ்பாஞ்ச் சொட்டச் சொட்ட மூன்று முறை பூசினேன், ஒன்று காயும் முன்னே அடுத்தது. பை பளபளவென்று மின்னியது. அவளுடையது பக்கத்தில் சோகை பிடித்தாற்போல் கிடந்தது.

ஆண்கள் தோல் வாங்கப் போயிருந்த நேரத்தில் கடைக்காரர் வந்தார். மினுமினுப்பை அவர் கண்டுகொள்ளவே இல்லை. என் பையின் மூடியைப் பிடித்து மடக்கினார். மடிப்பு முழுக்க பூச்சு வெடித்து வெள்ளைக் கோடுகள். அவளுடையதை மடக்கினார்; ஒன்றும் ஆகவில்லை. வெடித்தது யார் பூசியது என்று கேட்டார்.

"நான்தாங்க. அவசரப்பட்டுட்டேன். நல்லா இருக்கிறது அக்காவோடது" என்றாள் அவள்.

நான் மறுக்கவில்லை. வேலை எனக்கே என்று சொல்லிவிட்டு அவர் போனார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அடுப்படியில் வைத்துக் கேட்டேன்.

"ஒம்பது வருஷமா பூசறவங்க நீங்க. நான் தோத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கக்கா."

நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன். வயிறுதான் எரிந்தது. இதிலும் என்னை முந்திவிட்டாளே, பாவி. நாளை காலை நாற்பது பைகள் வருகின்றன. எல்லாமே என் பூச்சு மாதிரி இருக்க வேண்டுமாம். ஸ்பாஞ்சை எவ்வளவு பிழிய வேண்டும் என்று நான் அவளிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.