ஏர்போர்ட் கேன்டீனில் அமாவாசை

அன்றைக்கு மேசையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மகன் செல்வம், மருமகள் கலா, என் வீட்டுக்காரரின் தங்கை ராசாத்தி. ஐதராபாத்தில் சின்ன மகன் வாங்கிய வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனோம். எனக்கு முதல் விமானம். நான் படித்தது ஐந்தாவது. போனில் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது.

டிக்கெட் எடுத்த செல்வம் அன்றைக்கு அமாவாசை என்று பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து, அமாவாசையில் அவர் பேரில் காக்காவுக்கு வைக்காமல் நான் சோறு தொட்டதில்லை.

எங்கள் ஊர் வடக்கனந்தலில் விடியற்காலை நாலரைக்குக் கார். அவருக்குப் பிடித்த கல்வராயன் மலைச் சாமையை வடித்தேன். அந்த இருட்டில் எந்தக் காக்கா வரும்? பாதியைப் பானையிலேயே விட்டு, மீதியை டப்பாவில் எடுத்துக்கொண்டேன். உளுந்தூர்பேட்டையில் விடிந்தது. நிறுத்தச் சொன்னேன். ராசாத்தி விடவில்லை.

"ஏர்போர்ட்டுனா வெட்டவெளி தான அண்ணி. அங்க இல்லாத காக்காவா? அங்க போயி வெய்யி."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஏறக்குறைய 240 கிலோமீட்டர். பத்து மணிக்குச் சென்னை விமான நிலையம். சோதனை முடிந்து உள்ளே போனால் நாலு பக்கமும் கண்ணாடி. வெளியே கூரையில் ஒரு காக்கா உட்கார்ந்து என்னைப் பார்த்தது. இனி வெளியே விடமாட்டார்கள் என்றான் செல்வம்.

கேன்டீனில் தயிர்சாதம் 280 ரூபாய். எல்லோருக்கும் வாங்கி, வடையும் வைத்தான். நான் தொடவில்லை. முந்தின ராத்திரி சாப்பிட்டது, சர்க்கரை உடம்பு வேறு. மேலே போய் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று கலா அழாத குறை. ராசாத்தி அதற்குள் வடையைக் கடித்துவிட்டாள்.

"எங்க அண்ணன் இதுக்கெல்லாம் கோச்சிக்காது. நீ துன்னு அண்ணி."

அப்போதுதான் பானையில் விட்ட சோறு ஞாபகம் வந்தது. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு முனியம்மாவிடம் இருந்தது. கலாவை வீடியோ போடச் சொன்னேன். முனியம்மா சோற்றோடு எங்கள் மாடி ஏறினாள். போனில் என் வீட்டு மாடி, பின்னால் மலை, கைப்பிடிச் சுவரில் மூன்று காக்கா. ஒன்றும் சோற்றுக்கிட்டே வரவில்லை.

"பாத்துகினே இருக்குதுக்கா, எறங்க மாட்டேங்குது," என்றாள்.

போனை அவற்றின் பக்கம் திருப்பச் சொல்லி, வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில் கா கா என்று கூப்பிட்டேன். கேன்டீன் மொத்தமும் திரும்பியது. செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். மானம் போகிறது என்றாள் ராசாத்தி. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். பக்கத்து மேசையில் இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார்.

"எனக்கும் சேத்துக் கூப்புடும்மா," என்றார்.

இரண்டு பேருமாகக் கூப்பிட்டோம். ஒரு காக்கா இறங்கியது. கொத்தியது. மற்ற இரண்டும் இறங்கின.

பெரியவர் இட்லியைப் பிட்டார். நான் அவருக்கு டப்பாவிலிருந்து ஒரு கை சாமை வைத்தேன். என் தயிர்சாதத்தில் உப்பே இல்லை. ஆனாலும் அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை. தட்டை வழித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

போகிறவர்கள் டிக்கெட்டுக்கு முன் காலண்டரைப் பாருங்கள். காக்காவுக்கு வைப்பதை ஏர்போர்ட் வாசலுக்கு வெளியிலேயே முடித்துவிடுங்கள். சோற்று டப்பாவை என்னிடம் யாரும் தடுக்கவில்லை. எதற்கும் வீட்டில் ஒரு பிடி சோறு விட்டு, சாவியை நல்ல ஆளிடம் கொடுங்கள்.

தேதி பார்க்காத செல்வத்தை மன்னித்துவிட்டேன். அந்தக் கண்ணாடி வைத்தவர்களையும் மன்னித்துவிட்டேன். கூடப் பிறந்த அண்ணனுக்குச் சோறு போகுமுன் வடையைக் கடித்தவளை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது, அந்த ராசாத்தியை.