திரும்பி வந்த தாடை

பாஸ்போர்ட் படம் எடுக்கும் அந்தக் கடைக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. அது எவருக்கும் நினைவில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும், "தாடைக்காரர் கடையா? ஜெராக்ஸ் கடைக்கு மாடியில" என்றுதான் வழி சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த மாடியில் முக்காலியில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் சொல்வது, "தாடைய கொஞ்சம் இறக்குங்க." அடுத்துச் சொல்வது, "ரொம்ப இறக்கிட்டீங்க." அதற்குமேல் எதுவும் சொல்வதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

கோபத்தை வாய்விட்டுக் காட்டாத மனிதர் என்று அவருக்கு நல்ல பெயர். வாய்விட்டுக் காட்டவில்லையே தவிர, வாய்க்குள் தாராளமாகக் காட்டினார். சரியாக ஃபிளாஷ் அடிக்கும்போது கண்ணை மூடுகிறவர், காதை மறைக்கும் முடியை ஒதுக்கமாட்டேன் என்பவர், "பத்து வயசு குறைச்சிடுங்க" என்று காதோரம் வந்து கெஞ்சுகிறவர், அத்தனை பேரையும் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் போட்டு அரைத்தார். போதாக்குறைக்கு, லென்ஸ் மூடியைக் கழற்றினால் அதை வைக்க இடம் தேடமாட்டார். வலப்பக்கப் பல்லில் கவ்விக்கொள்வார். கம்ப்யூட்டரில் படத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தாலோ, இடது உள்ளங்கையில் தாடையை முட்டுக்கொடுத்தபடி மணிக்கணக்கில் அப்படியே இருப்பார்.

கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது. "இங்கே எடுத்த படம் திரும்பி வராது." எந்த அலுவலகத்திலும் நிராகரிக்க மாட்டார்கள் என்று அர்த்தம். "அப்ப என் கைக்கும் வராதா?" என்று கேட்ட புத்திசாலிகள் உண்டு. அவர்களையும் அரைத்தார்.

அப்படிப்பட்டவருக்கே ஒரு பாஸ்போர்ட் தேவைப்பட்டது. அம்மா இல்லாத வீட்டில் அவருக்கு ஊட்டி, குளிப்பாட்டி, அடித்து வளர்த்தவள் அவருடைய அக்கா. பதினோரு வருடமாக மகனோடு வெளிநாட்டில் இருக்கிறாள். இரண்டு முட்டியும் போய்விட்டதால் அவளால் விமானம் ஏறி வரமுடியாது. தம்பிக்கு டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் போன் செய்தாள்.

"இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம்னு சொல்லிடாதடா. என் உடம்பு அந்த மாதிரி வாக்கெல்லாம் குடுக்கறதில்ல."

"வர்றேன்க்கா, வர்றேன்."

"வீடியோல வந்து சொல்லு. பொய் சொன்னா உன் தாடை வலப்பக்கம் இழுக்கும். சின்ன வயசுலயே எனக்குத் தெரியும்."

"படம் எடுக்கறவன் கேமரா முன்னாடி வரமாட்டான்க்கா" என்று சொல்லி நழுவிவிட்டார். உண்மைதான். இருபத்திரண்டு வருடமாக அவர் தன்னைப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை.

ஒரு காலையில் கடையைத் திறந்ததும் கேமராவில் டைமரை வைத்துவிட்டு ஓடிப்போய் முக்காலியில் உட்கார்ந்தார். தாடையை இறக்கினார். படம் விழுந்தது. திரையில் பார்த்தால், மூக்குக்கு நேர் கீழே இருக்கவேண்டிய தாடை வலப்பக்கமாக ஒதுங்கி நின்றது.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கேமரா ஸ்டாண்டு சாய்ந்திருக்கிறது! பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவந்து வைத்துப் பார்த்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது. முக்காலியின் மேல் வைத்தார். அங்கேயும் நடுவில். தரையின் மேல், பின்னால் தொங்கும் வெள்ளைத் துணிக்கம்பியின் மேல், எங்கே வைத்தாலும் அந்தக் குமிழி நகரவில்லை. கடையில் கோணலாக இருந்த ஒரே பொருளின் மேல் மட்டும் அவர் ரசமட்டத்தை வைக்கவில்லை. லென்ஸில்தான் கோளாறு என்று முடிவுகட்டினார். மௌஸை எடுத்துத் தாடையை மெதுவாக இடப்பக்கம் இழுத்து நடுவில் நிறுத்தினார். எத்தனை பேருக்கு மருவை எடுத்திருப்பார்! தனக்கு ஒரு தாடையை நகர்த்தக் கூடாதா?

பாஸ்போர்ட் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா படத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"உங்க படம் எங்க? இது உங்க தம்பி படமா?"

"என் படம்தாங்க. எனக்குத் தம்பியே கிடையாது."

"இவரு தாடை நேரா இருக்கு. உங்களுது வேற பக்கம் போகுது. திருத்தின படத்தை எடுத்துக்க மாட்டோம். மூணு வாரம் கழிச்சு புதுப் படத்தோட வாங்க. அப்பவும் பொருந்தலன்னா விண்ணப்பத்தையே முதல்லேர்ந்து போடணும்."

முதலிலிருந்து போட்டால் டிக்கெட் தேதி தாண்டிவிடும். அக்காவின் முட்டி அவர் மனதில் வந்து நின்றது. பேருந்தில் வீடு வரும்வரை அவர் யாரையும் அரைக்கவில்லை. அரைக்க அவரைத் தவிர ஆளில்லை.

அவருடைய மனைவி தையல் மிஷினை நிறுத்தாமலேயே கதையைக் கேட்டாள்.

"இப்பத்தான் தெரியுதா? நீங்க சாப்பிடும்போது ரெண்டு வருஷமா 'டக் டக்'னு சத்தம் வருது. நான் சுவர்க்கடிகாரத்தைக்கூட மாத்திப் பாத்தேன். சத்தம் நிக்கல. வாழைப்பழத்தைக்கூட வலப்பக்கமே போட்டு மெல்றீங்க. காலைல எழுந்தா நெத்திப்பொட்டு வலிக்குதுன்னு தலைகாணிய திட்டறீங்க. கொட்டாவி விட்டா பாதில நின்னு யோசிக்கறீங்க."

"இத்தனையும் தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னேனே. 'கேமராக்காரன் பொண்டாட்டிக்கு வெளிச்சம் தெரியாது'ன்னு சிரிச்சீங்க."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஊரார் தாடையைப் பார்த்தே சாப்பிட்ட மனிதருக்குத் தன் தாடை தெரியாமல் போனது என்று யாரிடம் சொல்ல? அக்கா போன் செய்தபோது, "எல்லாம் முடிஞ்சுதுக்கா, தபால்ல வரவேண்டியதுதான் பாக்கி" என்று அடித்துவிட்டார். தாடை 'டக்' என்றது. நல்லவேளை, போன் அவ்வளவு நல்ல போன் இல்லை.

மறுநாள் படம் எடுக்க வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. முக்காலியில் உட்கார்ந்தார்.

"தாடைய கொஞ்சம் இறக்குங்க மேடம்."

"உங்க வாயைக் கொஞ்சம் திறங்க சார்" என்றார் அவர்.

கேமராவுக்குப் பின்னால் நின்ற மனிதர் திகைத்துப் போய்த் திறந்தார். லென்ஸ் மூடி கீழே விழுந்து உருண்டது.

"திறக்கும்போது தாடை ஒரு பக்கம் ஓடி வளைஞ்சு வருது. மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா வெச்சு வாய்க்குள்ள விட்டுப் பாருங்க."

இரண்டு விரல்தான் போயிற்று. மூன்றாவது விரல் வாசலிலேயே நின்றது.

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவின் மருத்துவமனைக்குப் போய்க் காட்டினார். காதுக்கு முன்னால் விரல் வைத்து அழுத்திப் பார்த்த டாக்டரம்மா, எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, கடித்துக் கடித்தே தசையை முறுக்கிவிட்டிருக்கிறீர்கள் என்றார். வீட்டிலேயே செய்யவேண்டியதையும் சொன்னார். வெதுவெதுப்பான துணியால் இரு கன்னத்திலும் ஒத்தடம். கொஞ்ச நாளைக்கு மெத்தென்ற சாப்பாடு, சின்னச் சின்ன வாயாக. கையில் தாடையைத் தாங்கக் கூடாது, பல்லில் எதையும் கவ்வக் கூடாது. நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டிவைத்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, தாடை நேராக இறங்கும் அளவுக்கு மட்டும் மெதுவாக வாய் திறந்து மூடவேண்டும்.

"நீங்களா புடிச்சு இழுத்து நேராக்கிடாதீங்க. வலி கூடினாலோ வாய் பூட்டிக்கிட்டாலோ உடனே இங்க வரணும். முக்கியமா ஒண்ணு. சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம். பல்லுக்குப் பல்லு ஒட்டக் கூடாது."

"வாடிக்கையாளர் முன்னாடி இருந்தா?"

"அப்பத்தான் ரொம்ப முக்கியம்."

கண்ணாடிக்குப் பதிலாக அவர் கேமராவை வைத்துக்கொண்டார். அதன் திரையில் நடுக்கோடு ஒன்று உண்டு. அந்தக் கோட்டில் மூக்கை நிறுத்தி, தாடை கோடு தாண்டாமல் இறங்குகிறதா என்று தினமும் காலையில் வாய் பிளந்து பார்த்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருநாள் மாடிக்கு வந்து, ஆளில்லாத அறையில் கேமராவைப் பார்த்து ஒருவர் வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

பல்லைக் கடிக்காமலிருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மறந்துவிடக் கூடாதென்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கேமராவுக்கு மேலே, சுவரில் ஒட்டினார்: "உதடு மூடி. பல் விலகி. நாக்கு மேலே." எழுதியது தனக்கு. ஆனால் முக்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அதைத் தங்களுக்கு என்று படித்துக்கொண்டார்கள். ஒரு பாங்க் மேனேஜர் பயபக்தியோடு நாக்கை மேலே ஒட்டிக்கொண்டு பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்தார். கல்லூரிக்கு விண்ணப்பிக்க வந்த பெண், "அங்கிள், நாக்கு எவ்வளவு மேலே?" என்று கேட்டாள். படங்களைத் திரையில் பார்த்த தாடைக்காரருக்கு வயிறு எரிந்தது. ஒருவர் முகத்திலும் முறைப்பு இல்லை, இறுக்கம் இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தொண்டை வற்றச் சொல்லியும் வராத லட்சணம் ஒரு தாளில் வந்துவிட்டது! எரிச்சலில் பல்லைக் கடிக்கப் போனார். எதிரே அவருடைய எழுத்தே அவரைப் பார்த்தது. கடிக்கவில்லை.

கடிக்க வழியில்லாததால் வாய்விட்டுச் சொல்லவேண்டியதாயிற்று. பத்து வயது குறைக்கச் சொன்ன ஒருவரிடம், "அது என்னால ஆகாதுங்க. ஆகும்னா என் மூஞ்சிக்கு முதல்ல செஞ்சிருப்பேன்" என்றார். அந்த மனிதர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரித்தார். அப்படிச் சிரித்த படத்தைத்தான் எடுத்துக்கொண்டும் போனார், சுவரில் மாட்ட.

இரண்டு வாரத்தில் மூன்றாவது விரலுக்கு வாயில் இடம் கிடைத்தது. சாப்பாட்டில் 'டக்' சத்தம் தேய்ந்து, ஒருநாள் வரவேயில்லை. "கடிகாரம் நின்னுடுச்சு" என்றாள் மனைவி. பழைய கடிகாரத்தைப் பரணிலிருந்து எடுத்து மறுபடியும் மாட்டினாள்.

புதுப் படத்தை அவள்தான் எடுத்தாள். முக்காலியில் அவர் உட்கார, கேமராவுக்குப் பின்னால் நின்று ரொம்பப் பெரிய மனுஷி மாதிரித் தொண்டையைக் கனைத்தாள்.

"தாடைய கொஞ்சம் இறக்குங்க."

இறக்கினார்.

"ரொம்ப இறக்கிட்டீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்ட நொடியில் படம் விழுந்தது. தாடை முழுக்க நேராகிவிடவில்லை. நூலளவு வலப்பக்கம் நின்றது. மௌஸின் மேல் கை தானாகப் போனது. "அதைத் தொட்டீங்க, டிக்கெட்டை நான் கிழிச்சிடுவேன்" என்றாள் மனைவி. கையை எடுத்துவிட்டார்.

கண்ணாடி போட்ட அம்மா படத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "இது நீங்கதான்" என்று முத்திரை குத்தினார். கடைக்குத் திரும்பியதும் தாடைக்காரர் செய்த முதல் வேலை, கடைப் பலகையில் "வராது" என்ற வார்த்தைக்கு முன்னால் சின்ன எழுத்தில் "ஒரு தடவைக்கு மேல்" என்று சேர்த்ததுதான்.

பதினோரு வருடமாகப் பார்த்திராத அக்காவின் வீட்டில், அவள் நாற்காலிக்கு முன்னால் அவர் நின்றார். அவள் எழுந்திருக்க முயன்று, முடியாமல், அவரைக் கீழே இழுத்தாள். தலைமுடி இரண்டு பேருக்கும் ஒரே நிறமாகியிருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமலிருக்க லென்ஸைத் துடைப்பது போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அக்கா அவருடைய தாடையைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல என்னை நினைச்சுப் பாத்தியாடா?"

"உன்னையா?" என்றார் அவர், அக்காவிடம் மட்டும் காட்டும் வாயாடித்தனத்தோடு. "எனக்கு வேற வேலை இல்லையா? ஒருநாள்கூட நினைக்கல."

வாரக்கணக்கில் சத்தம் போடாமலிருந்த தாடை, அவளுடைய உள்ளங்கையிலேயே, 'டக்' என்றது.

"பொய்" என்றாள் அக்கா.